தரங்கம்பாடியில் வழிகாட்டி இல்லாமல் ஒரு காலை

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். மாயவரத்துப் பக்கம்தான் பிறந்தேன். ஆனாலும் தரங்கம்பாடியை ஒழுங்காக நடந்து பார்த்ததே இல்லை. இந்தத் தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வழிகாட்டி வைத்துக்கொள்ளவில்லை.

ஊர் வாசலிலிருந்து தொடங்குங்கள். 1792-இல் எழுப்பிய வெள்ளை வளைவு. மேலே, அப்போது இந்த ஊரை வைத்திருந்த டென்மார்க்கின், அதாவது டேனிஷ், அரச முத்திரை. அதற்குள் நுழைந்தால் கிங் தெரு நேரே கோட்டை மைதானத்தில் கொண்டுபோய் விடும். வழிதவற வாய்ப்பே இல்லை. தெருவில் 1701-இல் கட்டிய சீயோன் தேவாலயமும், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயமும் இருக்கின்றன. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்க் இரண்டாவதில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

நாங்கள் போனபோது இரண்டுமே பூட்டியிருந்தன. வெளியே நேரம் எழுதிய பலகை எதுவும் கண்ணில் படவில்லை. எதிர்த்திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டிதான், "ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வாங்க தம்பி, தொறந்திருக்கும்" என்றார். இரண்டு வாரத்துக்கு ஊருக்கு வருகிறவனுக்கு ஞாயிறு அவ்வளவு எளிதில் அமையாது. கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுத்து, 1620-இல் கட்டத் தொடங்கியது. அவர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய ஓலை நான் வாழும் ஊரின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதை அம்மாவிடம் சொன்னதும், "நம்ம எழுத்தா?" என்று நின்றுவிட்டார். 1845-இல் டேனிஷ்காரர்கள் இந்தியாவில் தங்களிடமிருந்த தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

பெரும்பாலோர் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இன்னும் கொஞ்சம் வடக்கே நடங்கள். கடல் விளிம்பில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்தில், டேனிஷ்காரர் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னால், 1306-இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சிய கல்லைத் தடவினேன். உப்புக்காற்று அரித்து உள்ளங்கையில் மணல் மணலாக உதிர்ந்தது. அலைக்கும் கோயிலுக்கும் நடுவே பெரிய பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

முழுத் தூரத்தையும் நிதானமாக நடக்க ஒரு காலைப்பொழுது போதும். வெயில் ஏறுவதற்கு முன் தொடங்குங்கள், மைதானத்தில் ஒதுங்க நிழல் குறைவு. அடுத்த முறை நான் கோயிலில் ஆரம்பித்து வாசலுக்கு நடக்கப்போகிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை.