வெந்நீர் லைன் போட்டால், டைல்ஸ் மூடும் முன் குனிந்து பாருங்கள்

புது வீடு கட்டி, மொட்டைமாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காட்பாடியில் நாங்கள் கட்டிய வீட்டில் நடந்தது.

காண்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டில் வெந்நீர் லைன் முழுக்க சிபிவிசி, அதாவது சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப் என்றுதான் இருந்தது. பில்லும் அப்படியே போட்டார், பணத்தையும் அப்படியே வாங்கிக்கொண்டார். டேங்கிலிருந்து இறங்கும் பைப், பாத்ரூம் சுவரில் தலைநீட்டும் பைப் எல்லாம் அந்தச் சந்தன நிறச் சிபிவிசிதான். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும்.

குடிபோன முதல் மார்கழியில் அம்மா, "பூஜை ரூம் ஓரமா நின்னா கால் கதகதன்னு இருக்குடா" என்றார். மூட்டுவலிக்கு இதமாக இருக்கிறதென்று அங்கேயே நாற்காலி போட்டுக்கொண்டார். குளிர் நாடுகளில் இதைக் காசு கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். தரைக்கு அடியில் பைப்பை வளைத்து வளைத்து ஓட்டி, 35 முதல் 45 டிகிரி வரை சூடான தண்ணீரை விடுவார்கள். ஆனால் அங்கே ஒரு சுற்றுக்கு ஒரே முழுப் பைப், பெரும்பாலும் 100 மீட்டருக்குள். தரைக்குள் ஜாயின்ட்டே வைக்க மாட்டார்கள். மேலே கலவை போடும் முன் அழுத்தம் ஏற்றிச் சோதிப்பார்கள். எங்களுக்கு இது எதுவுமில்லாமல் ஓசியிலேயே கிடைத்தது!

யாரும் குழாயைத் திறக்காத மத்தியானத்திலும் தரை சூடாக இருந்தால், உள்ளே எங்கோ வெந்நீர் ஒழுகுகிறது என்று அர்த்தம். இது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோடையில் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) ஓரம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. டைல்ஸைத் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம். உடைத்துப் பார்த்தால் உள்ளே இருந்தது வெள்ளை யுபிவிசி, சாதாரணப் பச்சைத்தண்ணீர் பைப்! நடுவில் தொய்ந்துபோய், எல்போ என்கிற வளைவுத் துண்டை ஒட்டிய இடத்தில் கசிந்துகொண்டிருந்தது.

காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "சார், அதுவும் பிவிசி, இதுவும் பிவிசிதானே. எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் போடறோம்" என்றார். முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட இல்லை. அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

இரண்டும் ஒன்றே இல்லை. யுபிவிசி 60 டிகிரிக்கு மேல் ஆகாது. அதற்கு முன்பே சூடு ஏற ஏற அது தாங்கும் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும். வேலூர் வெயிலுக்கு சோலார் டேங்கில் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை.

நல்ல சிபிவிசி பைப்பின் மேல் ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர எண் நீளவாக்கில் அச்சடித்திருக்கும். தரையில் போட்ட ஒவ்வொரு துண்டிலும் அதைப் பாருங்கள், போட்டோவும் எடுத்துவையுங்கள். கலவை மூடும் முன் முனைகளை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று உங்கள் கண்ணெதிரில் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேணாம் சார்" என்கிற ஆளிடம் மீதிப் பணத்தை நிறுத்திவையுங்கள்.

இன்னொரு கூத்து, மூன்று பாத்ரூமுக்கும் ஒரே லைன், நடுவில் வால்வே கிடையாது. ஒரு இடத்தில் ஒழுகியதற்கு வீடு முழுக்க வெந்நீரை நிறுத்த வேண்டியதாயிற்று. டேங்கிலிருந்து தள்ளியிருக்கும் பாத்ரூமுக்குச் சுற்றிவளைத்துப் போவதும் வீண். ஒரு இன்ச் பைப் 20 மீட்டர் ஓடினால் உள்ளே 8 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். அது ஆறிப்போனால், ஒவ்வொரு காலையும் அவ்வளவையும் கீழே விட்ட பிறகுதான் சூடு வரும். பாலாறு வறண்டு கிடக்கிற ஊரில் இது தேவையா?

இப்போது தரை லைனை அப்படியே கைவிட்டு, வெளிச்சுவர் வழியாகப் புது சிபிவிசி, மேலே இன்சுலேஷன் உறை, பாத்ரூமுக்கு ஒரு வால்வு என்று போட்டிருக்கிறோம். உடைத்தெடுத்த பைப், எஸ்டிமேட், பில் எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. உடைத்த பைப்பை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மேஸ்திரி அதைத்தான் முதலில் அள்ளப் பார்ப்பார்.