கழற்றும் வலை வேலியா, நிலையான வேலியா: குழந்தை உள்ள வீட்டின் நீச்சல் குளத்துக்கு எது?

வீட்டில் நீச்சல் குளமும் இருந்து, நடக்கத் தொடங்கிய குழந்தையும் இருந்தால் வேலி கட்டாயம் வேண்டும். எந்த வேலி என்பதைத்தான் யோசிக்க வேண்டும். குழந்தை தண்ணீரில் விழுந்தால் கத்தும், நமக்குக் கேட்டுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கேட்காது. மூச்சு விடவே வழியில்லாத குழந்தை எப்படிக் கூப்பிடும்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஆறு, கிணறு, கடல் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. அதில் ஏறக்குறைய கால் பங்கு 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

எந்த வேலி வாங்கினாலும் அது குளத்தை நான்கு பக்கமும் சுற்றி வர வேண்டும். மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் வீட்டுச் சுவர் என்று செலவைக் குறைப்பது பெரிய தவறு. குழந்தை தெருவிலிருந்து வரப்போவதில்லை, நம் பின்வாசல் வழியாகத்தான் போகும். மனையின் எல்லையில் மட்டும் மூன்று பக்கம் வேலி இருப்பதைவிட, குளத்தை நான்கு பக்கமும் தனியாக அடைத்த வேலி குழந்தை மூழ்கும் ஆபத்தை 83 சதவீதம் குறைக்கிறது என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

சரி, கழற்றும் வலை வேலியை முதலில் பார்ப்போம். குளத்தைச் சுற்றியுள்ள தளத்தில் சுமார் 3 அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் உறையை இறக்குவார்கள். கம்பத்தின் அடிமுனை அந்த உறைக்குள் போய் உட்காரும். கம்பங்களுக்கு நடுவே கெட்டியான வலை. கழற்றினால் பாய் மாதிரி சுருட்டி ஓரமாக வைத்துவிடலாம். துளைகளுக்கு மூடி உண்டு.

இந்த வேலியின் பாதுகாப்பு முழுவதும் அதன் விறைப்பில் இருக்கிறது. இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில் வலையை இழுத்துப் பிடித்து மேல் கொக்கியை மாட்டும்போது பெரியவர்களுக்கே தோள் வலிக்கும். அப்படி வலித்தால்தான் சரியாகப் பொருத்தியிருக்கிறோம் என்று அர்த்தம். ஒற்றைக் கையால் சுலபமாகக் கழற்ற முடிகிறது என்றால் துளைகளின் இடைவெளியில் கோளாறு. நன்றாக விறைத்த வலையில் குழந்தையின் கால்விரல் நுழைய இடம் இல்லை, பிடித்து ஏறக் குறுக்குக் கம்பியும் இல்லை. ஏறுவதற்குக் கடினம் என்ற விஷயத்தில் பல இரும்பு வேலிகளைவிட வலை வேலி மேல்.

பொருத்தும்போது தளம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். கான்கிரீட் தளம் என்றால் வேலை சுலபம். பேவர் பிளாக் என்றால், கல்லுக்கு அடியில் இருப்பது மணல்தான். கல்லோடு துளையை நிறுத்தினால் கம்பம் ஆடும், அடியில் கான்கிரீட் போட்டாக வேண்டும். மண்தரையிலும் ஒவ்வொரு கம்பத்துக்கும் கான்கிரீட் அடித்தளம் தேவை. தளத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாயும் மின் பாதுகாப்புக்கான இணைப்புக் கம்பியும் ஓடலாம். அவை எங்கே போகின்றன என்று தெரியாமல் டிரில்லை எடுக்காதீர்கள். வேலிக்கும் தண்ணீர் விளிம்புக்கும் இடையே 20 அங்குலமாவது விடுங்கள். யாராவது உள்ளே இறங்கித் தூக்க நேர்ந்தால் நிற்க இடம் வேண்டுமே.

இதன் பலவீனம் பெயரிலேயே இருக்கிறது. கழற்றலாம் என்றால் கழற்றுவோம். வீட்டில் விருந்து என்று ஒரு பக்கத்தை எடுப்போம், நாளைக்கு மாட்டலாம் என்று விடுவோம். அப்புறம் உறைக்குள் மணல் சேர்ந்துவிடும். கம்பம் முழுசாக உள்ளே இறங்காது, அடியில் இடைவெளி விழும். மாட்டும்போதெல்லாம் உறைகளைச் சுத்தம் செய்ய முடியாதவர்கள் இந்த வேலி பக்கமே போக வேண்டாம்.

நிலையான வேலியில் இந்தத் தொல்லை இல்லை. யாரும் அதைக் கழற்றி வைக்கப் போவதில்லை. இரும்போ அலுமினியமோ, செங்குத்துக் கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. குறுக்குக் கம்பிகள் நெருக்கமாக இருந்தால் அவற்றைக் குளத்தின் பக்கமாக வைக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் குழந்தைக்கு ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. டஃபன்டு கண்ணாடி வேலி பார்வைக்கு அழகு, ஏறவும் முடியாது. ஆனால் அடிக்கடி துடைக்க வேண்டும், கனமான கதவின் கீல்களைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு வகைக்கும் உயிர்நாடி கதவுதான். கையை விட்டால் தானாகச் சாத்தி, தானாகத் தாழ் விழ வேண்டும். குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும், அப்போதுதான் குழந்தை தள்ளினால் திறக்காது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்படி வேலியின் உயரம் குறைந்தது 48 அங்குலம், தாழ்ப்பாளைத் திறக்கும் பிடி 54 அங்குலத்தில். கதவே இல்லாமல், ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியைக் கழற்றி உள்ளே போகும் வலை வேலிகளும் கிடைக்கின்றன. நான் அவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கையில் துண்டும், இடுப்பில் குழந்தையுமாக வெளியே வருகிறவர் கொக்கியை இழுத்து மாட்டுவார் என்று நம்ப முடியாது.

குளத்தின் மேல் விரிக்கும் மூடியும், யாராவது தண்ணீரில் விழுந்தால் அடிக்கும் அலாரமும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கத் தரநிலைப்படி செய்த பாதுகாப்பு மூடி 220 கிலோ வரை தாங்கும், நல்லதுதான். ஆனால் குளம் திறந்திருக்கும் நேரத்தில் அதனால் பயன் இல்லை. வெப்பம் காக்கும் குமிழ்த் தாளைப் பாதுகாப்பு மூடி என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தை மிதித்தால் அது அமிழ்ந்து குழந்தையைச் சுற்றிக்கொள்ளும். பிரான்சில் 2003இல் வந்த சட்டம் வேலி, மூடி, குளத்தின் மேல் கட்டும் கூடாரம் போன்ற மேற்கூடு, அலாரம் ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் போதும் என்கிறது. நான் அலாரத்தை வேலிக்கு ஈடாக வைக்க மாட்டேன், தண்ணீர் அலாரம் அடிக்கும்போது குழந்தை ஏற்கெனவே தண்ணீருக்குள் இருக்கிறது. வேலியோடு கூடுதலாக இருக்கட்டும்.

சொந்த வீடு, குழந்தைகள் வளரப் பல வருடம் ஆகும், பேரப்பிள்ளைகளும் வருவார்கள் என்றால் நிலையான வேலியே என் தேர்வு. வாடகை வீடு, அல்லது சில வருடத்துக்கு மட்டும் தேவை என்றால் தானாகச் சாத்தும் கதவோடு வலை வேலி. வாங்கும் முன் உங்கள் ஊர் விதி கழற்றும் வேலியை ஏற்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

என் அக்கா வீட்டில் இருந்தது 4 அடி வலை வேலி. நன்றாகப் பொருத்தியது, தாழ் சரியாக விழும். ஒரு நாள் காலை பார்த்தால், 3 வயது மருமகன் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நிற்கிறான், தாடை வேலியின் மேல்விளிம்பில். அன்றே பக்கெட், நாற்காலி, பூந்தொட்டி எல்லாவற்றையும் வேலியிலிருந்து 3 அடிக்கு அப்பால் நகர்த்தினோம். அக்கா இப்போதும் ராத்திரி படுக்கும் முன் வேலியை ஒரு சுற்று வந்து, கதவைத் திறந்து கையை விட்டுப் பார்ப்பாள். ‘டக்’ என்று தாழ் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் விளக்கை அணைப்பாள்.