பூப்பாறை ஒர்க்‌ஷாப்பும் என் ஜீப்பின் ‘டொக்’ சத்தமும்

சாந்தன்பாறைக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு பழைய மகிந்திரா எம்.எம். 540 ஜீப், ஃபோர் வீல். அதைப் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும், டூ வீலில் பின்சக்கரம் மட்டும். போன புரட்டாசியில், காய் எடுப்பு மும்முரமாக நடக்கும்போது, முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம் ஆரம்பித்தது. ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட்டுக்கு மாற்றி கிளட்ச்சை விட்டால் ஒன்று. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் இன்னொன்று. டூ வீலில் ஓட்டினால் சத்தமே கிடையாது.

முதலில் மலைக்குக் கீழே ஓர் இடத்தில் காட்டினேன். வண்டியை ஃபோர் வீலில், கியரில் நிறுத்தி, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, டயரை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார்கள். இரண்டு விரற்கடை ஆடியது. “கிரவுன் பினியன் போச்சுண்ணே, மொத்தமா இறக்கணும்” என்று இருபத்தைந்தாயிரம் சொன்னார்கள். ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரங்கள் பக்கம் திருப்பிவிடும் பற்சக்கர ஜோடி அது, பெரியது கிரவுன், சின்னது பினியன். அது இருக்கும் பெட்டிதான் டிஃப்ரன்ஷியல். உள்ளே இருக்கும் ஸ்டார் கியர்தான் இரு பக்கச் சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும். வயிற்றைக் கலக்கியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பூப்பாறையிலிருந்து ராஜகுமாரி போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. எல்லோருக்கும் அவர் ‘ஆசான்’தான். மலையாளி, ஆனால் நம்மிடம் தமிழில்தான் பேசுவார்.

நான் விலையைச் சொன்னதும் சிரித்தார். “ஒரு டயர் தரையில் நிக்கும்போ, தூக்கின டயர் கிரவுனைக் காட்டிலும் ரெண்டு மடங்கு சுத்தும் அண்ணாச்சி. அதில் ஸ்டார் கியர் லூஸ், ஆக்சில் பல் லூஸ், ஹப் லூஸ் எல்லாம் கூடி வரும். அதை வச்சு கிரவுன் போச்சுன்னு எப்படிச் சொல்றது?”

அப்புறம் அவர் பார்த்த விதம்தான் எனக்குப் பிடித்தது. நான்கு சக்கரமும் தரையில். பின்டயருக்குக் கல் வைத்தார். டூ வீலுக்கு மாற்றினார், அப்போதுதான் முன் ஆக்சிலுக்குப் போகிற ஷாஃப்ட் கியர்பாக்ஸ் பிடியில்லாமல் கைக்குத் திரும்பும். முன் ஹப் இரண்டையும் லாக்கில் திருப்பிச் சக்கரத்தை ஆக்சிலோடு பிணைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார், என்னையும் கூப்பிட்டார். ஒரு கையால் டிஃப்ரன்ஷியலில் ஷாஃப்ட் மாட்டுகிற ஃபிளாஞ்சையும் மறு கையால் ஷாஃப்ட்டையும் பிடித்து எதிரெதிராக முறுக்கினார். ஃபிளாஞ்ச் அசைவதற்கு முன்னால் ஷாஃப்ட் மட்டும் ‘கிளிக்’ என்று திரும்பியது. இரண்டையும் இணைக்கும் சிலுவை மாதிரியான மூட்டு கிராஸ், அதன் கப் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி துருத்தூள். கிரீஸ் வற்றி உள்ளே இருக்கும் ஊசி பேரிங் காய்ந்தால் அப்படித்தான் வருமாம். ‘டொக்’ சத்தம் அங்கிருந்துதான்.

ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு ஃபிளாஞ்சை மேலும் கீழும் தூக்கினார், வெளியே இழுத்து உள்ளே தள்ளினார். அசையவே இல்லை. அந்த இரண்டில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் பினியன் பேரிங் லூஸ் என்று அர்த்தம், விட்டுவைக்கக் கூடாது. சுற்றுவாக்கில் மட்டும் சிறிது அசைவு இருந்தது. அது இல்லாமல் பல் மேல் பல் ஓடாது என்றார்.

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. திறந்தே பார்த்துவிடலாம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஹவுசிங் மூடியைக் கழற்றினார். வழிந்த ஆயிலை இரு விரலில் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினார்: சாம்பல் நிற மாவு, செதில் எதுவும் இல்லை. பினியனை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, டயல் கேஜ் முனையைக் கிரவுன் பல்லில் வைத்து ஆட்டினார். முள் இருபது கோடு நகர்ந்தது, அதாவது 0.20 மில்லிமீட்டர். இந்த மாதிரி ஆக்சிலுக்கு 0.13 முதல் 0.25 வரை இருக்கலாம். இன்னும் இரண்டு இடத்தில் சுற்றிப் பார்த்தார், அங்கேயும் அதேதான்.

குழியிலிருந்து ஏறும்போது ஒரு கேள்வி கேட்டார். “தார் ரோட்டிலும் ஃபோர் வீல் போட்டே ஓட்டுறதுண்டோ?” மாட்டிக்கொண்டேன். மழைக்குப் பயந்து போடிமெட்டு வளைவு பதினேழையும் அப்படியே இறங்குவேன். இந்த ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃப்ரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் கூடுதல் தூரம் ஓடுகிறது. சேற்றில் டயர் வழுக்கி ஈடுகட்டிவிடும். காய்ந்த தாரில் அந்த முறுக்கெல்லாம் ஷாஃப்ட்டிலும் கிராஸிலும்தான் ஏறும்.

மொத்தச் செலவு 2,150 ரூபாய்: கிராஸ், 90 கிரேடு ஆயில், மூடியை ஒட்ட சிலிக்கோன் பசை, கூலி. சத்தம் போயே போய்விட்டது, மூன்று மாதமாக ஓடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. சாமான் எதுவும் ஸ்டாக்கில் வைக்க மாட்டார். கிராஸ் வாங்க நானே பஸ் ஏறி போடிக்குப் போய் வந்தேன், ஒரு நாள் வேலை இரண்டு நாளானது. பில் கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதித் தருவார். அவசரப்படுத்தினால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டன் சாயா குடிக்கப் போய்விடுவார். போன் அடித்தால் எடுப்பதில்லை, எட்டு மணிக்கு முன்னால் நேரில் போய் நின்றுவிடுங்கள். ஞாயிறு பூட்டு. ஆடி மழையில் அந்தக் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அப்போது அடிவேலைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்.