மினுக்குத் தகடா, மான்வால் ஜிக்கா, வெறும் முள்ளா? கோடைத் தட்டைமீனுக்கான மூன்று தூண்டில் அமைப்புகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூயார்க்கின் மொன்டாக் முனையிலிருந்து நியூ ஜெர்சியின் கேப் மே வரை, மே மாதம் பிறந்தால் தூண்டில் கடைகளின் சுவரெல்லாம் மினுங்கத் தொடங்கிவிடும். அட்டைகளில் சுற்றித் தொங்கவிடப்பட்ட அமைப்புகளில் வெள்ளித் தகடு, பொன்னிறத் தகடு, கண்ணாடி மணி, மைலார் என்ற மினுங்கும் பிளாஸ்டிக் இழை, இளஞ்சிவப்பு ரப்பர்க் கணவாய் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். அத்தனையும் ஒரே மீனுக்காக: அறிவியலில் பாராலிக்திஸ் டென்டேடஸ் என்றும், கடைக்காரர் வாயிலும் படகோட்டி வாயிலும் ஃப்ளூக் என்றும் வழங்கும் கோடைத் தட்டைமீன். இந்த மினுக்கு அமைப்பை வாங்குவதா, மான்வால் முடி கட்டிய ஜிக் என்ற ஈயத்தலை முள்ளை வாங்குவதா, இரண்டும் வேண்டாமென்று வெறும் முள்ளில் உயிர் இரையைக் கோத்து இறக்குவதா என்பதுதான் புதிதாக இந்த மீனைத் தேடிப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி. எட்டுக் கோடைகளாக மூன்றையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மினுக்கு அமைப்பின் பயன் முழுவதும் படகு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. அந்த வேகம் கிடைக்காத நேரத்தில் அதைக் கழற்றிவிட்டு மற்ற இரண்டில் ஒன்றுக்கு மாறுவதே சரி.

மீனின் இயல்பைத் தெரிந்துகொண்டால் இந்தத் தேர்வு எளிதாகும். ஃப்ளூக்கின் இரண்டு கண்களும் இடப்பக்கத்தில் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்து நீந்தும் இது, வளரும்போது வலக்கண் தலையின் மறுபுறம் நகர்ந்துவிட, குருட்டுப் பக்கத்தைத் தரையில் வைத்துப் படுக்கத் தொடங்குகிறது. மணலைத் துடுப்பால் விசிறித் தன்மேல் போட்டுக்கொண்டு, கண்களை மட்டும் வெளியே நீட்டி, தலைக்கு மேலே கடந்து போகும் சிறுமீனைப் பார்த்துப் பாய்ந்து பிடிக்கும். மணலின் நிறத்துக்கேற்பத் தோலின் நிறத்தை மாற்றிக்கொள்ளவும் இதற்குத் தெரியும். நம் கடலிலும் இதற்குத் தூரத்து உறவுகள் உண்டு. தரங்கம்பாடிக் கரையில் கிடைத்த ஒரு தட்டைமீனுக்கு 1801-ஆம் ஆண்டு சூட்டப்பட்ட அறிவியல் பெயரில் நம்முடைய ‘எருமை நாக்கு’ என்ற சொல்லே ‘எருமெய்’ என்று ஏறியிருக்கிறது. ஆனால் நாக்கு மீன் என்றதும் நம் நினைவுக்கு வருகிற, சேற்றைத் துழாவிப் புழு தின்னும் சிறுவாய் மீனைப் போல ஃப்ளூக்கை நினைத்துவிடக் கூடாது. இதன் வாய் அகலமானது, பற்கள் கூரானவை, இரையைத் துரத்தி மேலேழும் வேகமும் உண்டு. மூக்கை நம்புவதைவிடக் கண்ணை நம்பும் வேட்டைக்காரன் என்பதால்தான் மினுக்கத்துக்கு இங்கே இடம் கிடைக்கிறது.

அந்த மினுக்கம் எதைப் போல நடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கழிகளிலும் முகத்துவாரங்களிலும் கூட்டம் கூட்டமாகத் திரியும் சில்வர்சைடு என்ற விரல்நீளச் சிறுமீனை இங்குள்ளவர்கள் ஸ்பியரிங் என்பார்கள். அதன் உடல் ஏறக்குறைய ஒளி ஊடுருவக்கூடியது. பக்கவாட்டில் மட்டும் தலை முதல் வால் வரை ஒரு வெள்ளிப் பட்டை ஓடும். கூட்டம் திரும்பும்போது அந்தப் பட்டைகள் ஒரு கணம் பளிச்சிட்டு மறையும். ஆகவே தொடர்ந்து ஒளிர்வதைவிட விட்டு விட்டு மின்னுவதுதான் உயிருள்ள இரையின் அடையாளம். தகடும் மைலார் இழையும் இதைச் செய்தால் வேலை செய்கின்றன என்று பொருள். அசையாமல் தொங்கினால் அவை வெறும் உலோகமும் பிளாஸ்டிக்கும்தான்.

மினுக்கு அமைப்பின் கட்டுமானம் எளியது. மூன்று வளையங்கள் உள்ள சிறு இணைப்பான மும்முனைச் சுழலியின் ஒரு வளையத்தில் தூண்டில் கோலிலிருந்து வரும் நரம்பு, கீழ் வளையத்தில் ஈயக்குண்டு, மூன்றாவதில் இரண்டரை முதல் மூன்றடி நீளமான தனி நரம்பு. அதன் முனையில் அகன்ற வளைவுள்ள முள், முள்ளுக்கு மேலே முடிக்குஞ்சமோ மைலார்க் குஞ்சமோ, அதற்கும் மேலே மணிகளும் சுழல் தகடும். முள்ளில் ஒரு கணவாய்க் கீற்றும் ஸ்பியரிங்கும் சேர்த்துக் கோப்பது வழக்கம். எஞ்சினை நிறுத்திவிட்டுக் காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டமும்) இழுத்த போக்கில் படகை விடும்போது ஈயம் தரையை உரசிக்கொண்டே வர, இரை ஒரு சாண் உயரத்தில் பின்தொடர்கிறது. இங்கேதான் வேகத்தின் கணக்கு வருகிறது. மணிக்கு ஒரு கடல்மைல் அளவில் படகு நகர்ந்தால் தகடு சீராகச் சுழலும். அதில் பாதிக்குக் கீழே போனால் தகடு சுழலாமல் நரம்போடு ஒட்டிக்கொண்டு தொங்கும். கடையில் தகடு வாங்கும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும்: வட்டமான கொலராடோ வகைத் தகடு மெதுவான இழுப்பிலும் அகலமாகச் சுழன்று நீரில் அதிர்வை எழுப்பும், வில்லோ இலை போல நீண்ட தகடு மின்னுவதில் சிறந்தது, ஆனால் சுழலக் கூடுதல் வேகம் கேட்கும். கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று நீண்ட தகட்டைத் தேர்ந்தெடுத்துக் காற்றில்லாத ஜூலைக் காலையில் அதை இறக்குவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

இன்னொரு குறையை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். நியூ ஜெர்சியின் பார்னகட் விரிகுடாவில் கடற்புல் படுகைகள் நிறைய உண்டு. கோடையில் அறுந்த புல்லின் நாடாக்கள் தண்ணீரெங்கும் மிதக்கும். ஒருமுறை அங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒரு கடி கூட இல்லாமல் போக, மீனே இல்லை என்று முடிவுகட்டிச் சுருட்டினேன். தகட்டை நரம்போடு பிணைக்கும் சிறிய கொக்கியில் ஒரேயொரு புல் நாடா, நகக்கண் அகலம்கூட இருக்காது, இரண்டு சுற்று இறுகச் சுற்றியிருந்தது. அந்த ஒரு மணி நேரமும் தகடு ஒருமுறைகூடச் சுழன்றிருக்காது. அன்றிலிருந்து புல் மிதக்கும் நீரில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்காமல் இந்த அமைப்பை நான் பயன்படுத்துவதில்லை.

இத்தனை குறை சொன்னாலும், மினுக்கு அமைப்பை வெல்ல முடியாத இடங்கள் இருக்கின்றன. ராரிட்டன் விரிகுடாவிலும் டெலவேர் விரிகுடாவிலும் நீர் பெரும்பாலும் கலங்கலாகவே இருக்கும். அங்கே சில அடிகளுக்கு அப்பால் ஒரு வெறும் ஸ்பியரிங் ஃப்ளூக்கின் கண்ணுக்கே படாது. சுழலும் தகட்டின் பளிச்சும் அதிர்வும் இரையின் இருப்பைச் சற்றுத் தொலைவிலிருந்தே அறிவித்துவிடுகின்றன. மேலும் கோலைப் பிடித்திருப்பவர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. படகே இரையை ஆட்டுகிறது. ஆளுக்கொரு கட்டணம் கொடுத்து நாற்பது ஐம்பது பேராக ஏறிப் போகும் பார்ட்டி படகுகளில், முதல்முறை கோல் பிடிக்கும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நான் தயங்காமல் இதைத்தான் கட்டிக் கொடுப்பேன். தனி நரம்பை மட்டும் இரண்டடிக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் நரம்போடு சிக்குவது பாதியாகக் குறையும்.

வெறும் முள்ளின் வழி வேறு. இங்கே கில்லி என்று அழைக்கப்படும் சதுப்புநிலச் சிறுமீன் உயிர் இரைகளில் மிகவும் உறுதியானது. ஈரமான கடற்பாசியோ துணியோ போட்டு மூடிவைத்தால் தண்ணீரில்லாமலே மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். கீழுதட்டில் முள்ளை ஏற்றி மேலுதட்டில் வெளியே எடுத்து இறக்கினால், அது தானே துள்ளும். படகின் வேகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. வசந்தத்தின் இறுதியில், ஃப்ளூக் ஆழக் கடலிலிருந்து கழிகளுக்குள் வந்திருக்கும் நாட்களில், ஐந்து பத்து அடி ஆழமான தெளிந்த நீரில் இதைவிடச் சிறந்ததை நான் கண்டதில்லை. தெளிந்த ஆழமற்ற நீரில் பெரிய தகடு மீனை ஈர்ப்பதற்குப் பதிலாக விலக்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கணவாய்க் கீற்றைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று அமைப்புகளிலும் அது வருகிறது. பெரும்பாலோர் அதை அக்கறையில்லாமல் வெட்டுகிறார்கள். கணவாயின் உடற்குழாயைப் பிளந்து விரித்து, தோலின் உட்புறச் சவ்வை வழித்துவிட்டு, நீளவாக்கில் ஐந்து அங்குலத்துக்குக் கீற்றெடுக்க வேண்டும். தலைப்பக்கம் அரை அங்குல அகலம்; அங்கிருந்து வால்வரை சீராகக் குறுகி வர வேண்டும். வால்முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு நடுவே கீறினால் இரண்டு வால்கள் தனித்தனியாக அலையும். முள்ளை அகன்ற முனையின் நடுவில் ஒரே ஒருமுறை ஏற்றினால் போதும். கத்திரி சாய்ந்து ஒருபக்கம் அகலமாகிவிட்டாலோ, முள்ளை இரண்டு முறை ஏற்றினாலோ, கீற்று திருகாணி போலச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். படகின் ஓரத்தில் தண்ணீரில் பிடித்துப் பார்த்து, நேராக அலைகிறதென்று தெரிந்த பிறகுதான் இறக்க வேண்டும். இந்தக் கீற்று சரியாக அமைந்துவிட்டால் தகட்டின் குறையில் பாதியை அதுவே ஈடுகட்டிவிடும்.

மூன்றாவதான மான்வால் ஜிக்கில், வண்ணம் பூசிய ஈயத்தலையோடு முள் வார்க்கப்பட்டு, வெள்ளைவால் மானின் வால்முடி அதைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். அதற்கு ஒன்றரை அடி மேலே ஒரு தனி முள் தொங்கும். அதை டீசர் என்பார்கள். இரண்டிலும் பெர்க்லி நிறுவனத்தின் கல்ப் என்ற வாசனை ஊறிய மென்மையான போலி இரையைச் செருகுவது இன்று ஏறக்குறைய எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. இந்த அமைப்பில் மினுக்கம் குறைவு, அசைவு அதிகம். அந்த அசைவு முழுவதும் மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். ஜிக் தரையைத் தொட்டதும் மணிக்கட்டைச் சிறிதாக இரண்டு முறை சொடுக்கி, நரம்பு தளராமல் கோலைத் தாழ்த்தி, மறுபடி தரையைத் தொடவிட வேண்டும். முடி நீரில் விரிந்தும் ஒடுங்கியும் மூச்சு விடுவதுபோலத் தெரியும். மீன் பெரும்பாலும் ஜிக் கீழிறங்கும்போதுதான் கவ்வும். நரம்பைத் தளரவிட்டவருக்குக் கடித்ததே தெரியாது. எடையைப் பொறுத்தவரை, பத்தடி ஆழத்துக்கு ஓர் அவுன்ஸ் என்று தொடங்கி, நீவாட்டைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். மெல்லிய பின்னல் நரம்பைப் பயன்படுத்தினால் அதே ஆழத்தைக் குறைந்த எடையில் எட்ட முடியும்.

ஆகஸ்டில் பெரிய மீன்கள் கடலில் அறுபது எண்பது அடி ஆழத்தில், செயற்கைப் பாறைத்திட்டுகளையும் மூழ்கிய கப்பல்களையும் ஒட்டிய மணலில் படுத்திருக்கும். அங்கே ஜிக்தான் முந்தி நிற்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. மூன்றடி நரம்பை இழுத்துக்கொண்டு வரும் மினுக்கு அமைப்பு இரும்பிலும் பாறையிலும் மாட்டிக்கொண்டே இருக்கும். நேர்கீழாக நிற்கும் ஜிக்கைத் தூக்கித் தூக்கி வைத்து இடுக்குகளைத் தாண்டிவிடலாம். ஆனால் ஆறு மணி நேரம் கனமான ஜிக்கைச் சொடுக்கிக்கொண்டிருப்பது கை நோகும் வேலை. நண்பகலுக்குப் பிறகு சொடுக்குவதை நிறுத்திவிட்டு ஜிக்கைச் சும்மா இழுத்துக்கொண்டு வருபவர்களுக்கு மினுக்கு அமைப்பே கூடுதல் மீனைத் தந்திருக்கும்.

நான் ஜிக்கை உயர்த்திப் பிடிப்பதற்குப் பெரிய மீனைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. நியூ ஜெர்சியில் 18 அங்குலம் என்ற குறைந்தபட்ச அளவு பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்திருக்கிறது. இத்தகைய விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்றாலும், பிடிபடும் மீன்களில் பெரும்பகுதியைத் திரும்ப விட வேண்டிய நிலை மட்டும் மாறுவதில்லை. மீன்வள மதிப்பீட்டில், தூண்டிலில் பிடித்துத் திரும்ப விடப்பட்ட ஃப்ளூக்கில் 10 சதவீதம் இறந்துபோவதாகக் கணக்கிடுகிறார்கள். உயிர் இரையையும் கீற்றையும் மீன் நன்றாக விழுங்கட்டும் என்று காத்திருந்து இழுக்கும் பழக்கத்தில் முள் தொண்டைக்கோ செவுளுக்கோ போய்விடுகிறது. செவுளில் இரத்தம் வடியும் சிறுமீனைத் தண்ணீரில் விடும்போது அது பிழைக்காது என்று நமக்கே தெரியும். ஜிக்கில் மீன் கவ்விய கணமே கை உணர்ந்து இழுத்துவிடுவதால் முள் பெரும்பாலும் உதட்டோரத்தில்தான் மாட்டும். மினுக்கு அமைப்பு இந்த விஷயத்தில் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது: கோலைக் கையில் பிடித்திருந்தால் ஜிக்குக்கு நெருக்கம், படகோரத் தாங்கியில் செருகிவிட்டு உட்கார்ந்தால் வெறும் முள்ளுக்கு நெருக்கம்.

நிறத்தைப் பற்றிக் கடைகளில் நீளமாகப் பேசுவார்கள். ஆழம் கூடக் கூடச் சிவப்பு முதலில் மங்கிக் கருமையாகிவிடும் என்பதால் வெறும் சிவப்பு ஆழத்தில் பயனில்லை. மஞ்சள்பச்சையும், தானே ஒளிரும் தன்மையுள்ள இளஞ்சிவப்பும், வெள்ளையும் போதும். வேண்டாத மீன்கள் மூன்றிலும் வரும்: சீ ராபின் என்ற தரைமீன் எதையும் விடாது, திருக்கை மட்டும் தரையில் அசையாமல் கிடக்கும் இரைக்குக் கூடுதலாக வரும். செலவைப் பார்த்தால், ஜிக்கும் கல்ப்பும் பாறைத்திட்டில் ஒரு நாளில் கையைக் கடித்துவிடும். மணல் தரையில் மினுக்கு அமைப்பு ஒன்று பல நாள் உழைக்கும், உப்புநீரில் தகட்டின் கொக்கி துருப்பிடித்து இறுகாமல் ஒவ்வொரு முறையும் நன்னீரில் அலசி வைத்தால்.

இப்போது என் கையிலிருக்கும் ஏற்பாடு ஒரு கலவை. கீழே வெள்ளை மான்வால் ஜிக். மேலே டீசர் முள்ளில் நாலைந்து மைலார் இழைகளோடு ஒரு கணவாய்க் கீற்று. தகடு இல்லாததால் புல் சிக்குவது குறைவு. ஜிக்கைச் சொடுக்கும்போது இழைகள் ஸ்பியரிங்கின் பட்டையைப் போல விட்டு விட்டு மின்னுகின்றன. கடல்நீரின் பெருக்கும் வற்றமும் மாறும் இடைவேளையில் நீவாடு நின்று படகு அசையாமல் கிடக்கும் அரை மணி நேரத்துக்கு இதையும் அறுத்துவிட்டு, வெறும் முள்ளில் ஒரு கில்லியைக் கோத்துப் படகுக்குச் சற்றுத் தள்ளி எறிந்து, தரையோடு மிக மெதுவாகச் சுருட்டி இழுக்கிறேன். வற்றம் தொடங்கி முகத்துவாரத்தின் நீர் கலங்கலோடு வெளியே ஓட ஆரம்பித்ததும், பெட்டியிலிருந்து கொலராடோ தகடு போட்ட மினுக்கு அமைப்பு வெளியே வருகிறது.