வாத்து முட்டைக்கு இந்த இன்குபேட்டர் வேண்டாம்

நான் வாங்கிய இன்குபேட்டரின், அதாவது முட்டையை அடைகாத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் பெட்டியின், ஈரப்பத சென்சாரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புதுசும் தப்பாகத்தான் காட்டுகிறது. வாத்து முட்டைக்கு இதை வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார், அதனால் கோபம் ஆறுவதற்குள்ளேயே எழுதிவிடுகிறேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 37.5 டிகிரி வைத்தால் வெப்பம் அங்கேயே நிற்கிறது. தனி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தும் சரியாக இருந்தது. ரோலர் தட்டில் இடைவெளியை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் பெரிய வாத்து முட்டையும் சிக்காமல் உருளுகிறது. கரண்ட் போனால் தானாகவே பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். இதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

ஈரப்பதம்தான் பிரச்சினை. குஞ்சு பொரிக்கக் கோழிக்கு 21 நாள், வாத்துக்கு 28 நாள். அந்தக் கூடுதல் ஒரு வாரத்தில்தான் சின்னத் தப்பும் பெரிதாகிறது. முட்டை தன் எடையில் ஏறத்தாழ 13 சதவீதத்தைத் தண்ணீராக இழக்க வேண்டும். அப்போதுதான் அகலமான முனையில் காற்றறை பெரிதாகும். குஞ்சு ஓட்டை உடைக்கும் முன் எடுக்கும் முதல் மூச்சு அதற்குள்தான். ஈரம் அதிகமானால் காற்றறை சின்னதாகவே நின்றுவிடும், முழுதாக வளர்ந்த குஞ்சு உள்ளேயே செத்துக் கிடக்கும். கடைசி மூன்று நாளில் இதற்கு நேர்மாறு: ஈரம் குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் 25 நாள் 55 சதவீதம், அப்புறம் 70க்கு மேல் வைக்க வேண்டும். இந்தப் பெட்டியோ ஐப்பசி அடைமழையிலும் 60 என்கிறது, சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போதும் அதே 60 என்கிறது. அந்த எண்ணை நம்பி எப்படித் தண்ணீர் ஊற்றுவது?

சந்தேகம் இருப்பவர்கள் உப்பு வைத்துச் சோதிக்கலாம். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாத அளவுக்கு ஈரமாக்கி, சென்சாரோடு சேர்த்து காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது அதைத் தொடவே இல்லை. சில நூறு ரூபாய்க்கு விற்கும் தனி மீட்டர் 74 காட்டியது.

இப்போது சமையலறைத் தராசை வைத்துத்தான் ஓட்டுகிறேன். 70 கிராம் முட்டை 25ஆம் நாள் 61 கிராமுக்கு வந்திருக்க வேண்டும். எடை வேகமாக இறங்கினால் தண்ணீர் சேர்ப்பேன், இறங்காவிட்டால் தண்ணீர்த் தட்டைக் காயவிடுவேன். டார்ச் அடித்துக் காற்றறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்பதும் உண்டு. இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு குஞ்சுகள் நன்றாகவே வருகின்றன. ஈரமாக வெளியே வந்து, காய்ந்ததும் மஞ்சள் பஞ்சாக எழுந்து நிற்பதைப் பார்த்தால் அத்தனை சந்தோஷம்!

ஆனாலும் வாத்துக்காக இதை வாங்காதீர்கள். வெப்பம், உருட்டல், பேட்டரி எல்லாம் சரியாக இருக்கிற பெட்டியில் வாத்துக்கு முக்கியமான அந்த ஒரு அளவையே நம்ப முடியாது என்றால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோழி முட்டைக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். வாத்து முட்டை கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், அக்கம்பக்கத்தில் அடைக்கு உட்கார்ந்திருக்கும் நாட்டுக்கோழி கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். முட்டை பெரிது என்பதால் எட்டு ஒன்பதுக்கு மேல் வைக்க வேண்டாம். அவள் சரியாகப் புரட்டுகிறாளா என்றும் கவனியுங்கள்.