லாரியில் வாழ்பவருக்கு நாய்க்கடி ஊசி: தோலிலா, தசையிலா, முன்கூட்டியேவா?

நாமக்கல்லில் லோடு ஏற்றி, புனேவில் இறக்கி, ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை காத்திருந்து வீடு திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிடும். அதுவரை கேபின்தான் வீடு. டாபா, பெட்ரோல் பங்க், டோல்கேட் என்று எங்கே நிறுத்தினாலும் நாய் இருக்கும். ராத்திரியில் டயர் தட்டிப் பார்க்க இறங்கும்போது வண்டிக்கு அடியில் படுத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

போன வருடம் என் கிளீனர் தம்பிக்கு அப்படித்தான் கெண்டைக்காலில் இரண்டு பல் இறங்கியது. ரத்தம் வந்தது. கேன் தண்ணீரை ஊற்றி, துணி சோப்பைத் தேய்த்து, மணி பார்த்து 15 நிமிடம் கழுவினேன். டாபாக்காரர் மிளகாய்த்தூள் கொண்டுவந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “டிடி போட்டா போதும்ணே” என்றான் தம்பி. போதாது. டிடி ரணஜன்னிக்கான ஊசி, வெறிநாய்க்கடியை அது தடுக்காது. அந்த நோயில் அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே அபூர்வம். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போகாத டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஊசியை நாடு கைவிட்டு இருபது வருடம் ஆகிவிட்டது. இப்போது எல்லாம் கையில்தான்.

கையில் போடுவதிலும் இரண்டு வழி. ஒன்று தோலுக்குள் போடுவது. இரண்டு தோளிலும் 0.1 மில்லி வீதம், சின்னக் கொப்பளம் போல எழும்பும். முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்ஜியம் என்று வைத்தால் 0, 3, 7, 28 என நான்கு தடவை. அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் இதுதான், காசு கிடையாது. இன்னொன்று தசையில் போடுவது. ஒவ்வொரு தடவையும் ஒரு முழுக் குப்பி, 0, 3, 7, 14, 28 என ஐந்து தடவை. தனியார் கிளினிக்கில் இதுதான் வழக்கம், குப்பிக்குச் சில நூறு ரூபாய் ஆகும்.

முறையாக முடித்தால் பலன் இரண்டிலும் ஒன்றுதான். அதனால் எது உசத்தி என்று கேட்பதைவிட, 3-ஆம் நாளும் 7-ஆம் நாளும் வண்டி எந்த ஊரில் நிற்கும் என்று கேட்பதுதான் நமக்கு உதவும். தசை ஊசியைச் சாயங்காலம் திறக்கும் சின்ன கிளினிக்கில்கூடப் போட்டுக்கொள்ளலாம். தோல் ஊசிக்குப் பழகிய கை வேண்டும். அதோடு, திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதால், கூட்டமில்லாத சின்ன சுகாதார நிலையத்தில் இன்னும் இரண்டு பேர் வரட்டும் என்று உட்காரவைக்கலாம். ஆகவே தோல் ஊசி என்றால் தாலுகா, மாவட்ட ஆஸ்பத்திரியைப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். என் ஓட்டு அதற்குத்தான். செலவில்லை, 14-ஆம் நாள் அலைச்சலும் இல்லை.

ஐந்து குப்பியை மொத்தமாக வாங்கிக் கேபினில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு டிரைவர் கேட்டார். கூடாது. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மே மாத வெயிலில் கேபின் அடுப்பு மாதிரி இருக்கும்.

எந்த வழியில் போனாலும் சீரம் ஊசியை விட்டுவிடாதீர்கள். பல் பதிந்து ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடம்பில் வேலை செய்யத் தொடங்குவதற்குள் காயத்தில் இருக்கும் கிருமியை மடக்குவது சீரம்தான். எடைக்குத் தகுந்த அளவில், காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் ஒரே ஒரு தடவை போடுவார்கள். முதல் தடுப்பூசிக்கு 7 நாள் கழிந்துவிட்டால் அதைப் போடுவதில்லை. எங்களுக்கு முதல் ஆஸ்பத்திரியில் சீரம் இல்லை. ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊர் போக ஒன்பது நாள் ஆகும். வண்டியைத் திருப்பி மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம், மூன்று மணி நேரம் போனது. ஓனருக்குப் போன் போட்டதும் “லோடு லேட்டானா பரவாயில்ல, அவனைப் பாரு” என்றார்.

நாயைப் பத்து நாள் கவனியுங்கள் என்று ஊரில் சொல்வார்களே, அதை நம்பி நாம் காத்திருக்க முடியாது. விடிவதற்குள் நாய் ஒரு மாநிலத்தில், நாம் ஒரு மாநிலத்தில்.

3-ஆம் நாள் வேறு ஊரில் ஒரு கிளினிக்கில் தசையில் போடத் தயாரானார்கள். தம்பிக்குத் தோலில் தொடங்கியிருந்தார்கள், தொடங்கிய வழியிலேயே முடிப்பது நல்லது என்பதால் அரசு ஆஸ்பத்திரியைத் தேடிப் போனோம். வேறு வழியே இல்லை என்றால் மாற்றிப் போட்டாவது தொடர வேண்டும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாள் தவறினாலும் அப்படித்தான், விட்ட இடத்திலிருந்து போடலாம். சீட்டு தமிழிலோ கன்னடத்திலோ இருந்தால் அடுத்த மாநிலத்தில் படிக்க முடியாது. தேதியும் மருந்தின் பெயரும் ஆங்கிலத்தில் எழுதித் தரக் கேளுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழியைத்தான் நார்த் லைன் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்வேன். கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்வது. 0, 7, அப்புறம் 21 அல்லது 28, மூன்றே ஊசி. பிறகு எப்போது கடித்தாலும் காயத்தைக் கழுவிவிட்டு 0, 3 என இரண்டு ஊசி போதும். சீரம் வேண்டாம். எந்த ஊரில் சீரம் இருக்கும் என்று நடுராத்திரியில் அலைகிற நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! செலவு நம் கையில்தான் என்பது ஒரு குறை. கேட்டால் சில ஓனர்கள் தருவார்கள்.

தம்பி 28-ஆம் நாள் ஊசியை நாமக்கல்லிலேயே போட்டு முடித்தான். முழுதாக முடித்ததால் அவனுக்கும் இனி அந்த இரண்டு ஊசிக் கணக்குதான். நான் இந்தத் திங்கட்கிழமை முதல் ஊசி போட்டுக்கொண்டேன். அடுத்த திங்கள் காலையில் இரண்டாவது, அதை முடித்துவிட்டுத்தான் லோடு ஏற்றுவதாக ஓனரிடம் சொல்லியிருக்கிறேன்.