பனாமா கால்வாய்ச் சுகாதாரத் துறை (1904–1914): ஒரு சேவை மதிப்பீடு

பனாமாவில் கால்வாய் வெட்டும் பணியை அமெரிக்கா 1904 மே மாதத்தில் ஏற்றபோது அதனுடன் அமைக்கப்பட்ட சுகாதாரத் துறை, பத்தாண்டுகள் அளித்த சேவையையே இங்கு மதிப்பிடுகிறேன். கால்வாய்த் தொழிலாளர்களும், பனாமா நகரம், கொலோன் ஆகிய இரு ஊர்களின் குடிமக்களும் அதன் பயனாளிகள்; மருத்துவர் வில்லியம் கோர்காஸ் அதன் தலைவர். மஞ்சள் காய்ச்சலை ஒழிப்பதும், மலேரியாவை வேலை தடைபடாத அளவுக்கேனும் அடக்குவதும் அத்துறை ஏற்றுக்கொண்ட பொறுப்புகள். முதலாவதில் முழு மதிப்பெண் வழங்க எனக்குத் தயக்கமில்லை. இரண்டாவதில் அவ்வாறு சொல்ல முடியவில்லை.

ஒப்பீட்டுக்கு, அதே இடத்தில் முன்பு கிடைத்த சேவையைப் பார்க்க வேண்டும். 1881 முதல் 1889 வரை பிரெஞ்சு நிறுவனம் கால்வாய் வெட்டிய காலத்தில் சுமார் 22,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. இத்தனைக்கும் அங்கோன் குன்றில் அவர்கள் கட்டிய மருத்துவமனை வசதியில் குறைந்ததன்று. எறும்பு ஏறாதிருக்கக் கட்டில் கால்களை நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்தினார்கள்; தோட்டத்துச் செடிகளைச் சுற்றியும் நீர் வளையம் அமைத்தார்கள். சன்னல்களுக்கு மட்டும் வலை அடிக்கவில்லை. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும், தெளிந்த நீரில் முட்டையிடும் ஈடிஸ் கொசுவுக்கு அந்தக் கிண்ணங்களைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. வேறு ஏதோ நோய்க்குப் படுத்தவரும் அங்கே மஞ்சள் காய்ச்சல் கண்டு இறந்தார். அக்காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே அந்நாட்டின் தலைநகர் ஹவானாவில் சொன்னதும் அதே 1881ஆம் ஆண்டில்தான் என்றாலும், அவர் பேச்சை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை.

கோர்காஸ் பனாமாவுக்குக் கொண்டுவந்தது ஹவானாவில் சோதித்துத் தேர்ந்த முறையை. அந்தச் சோதனையின் முதற்பகுதி தோல்வி என்பதை மறந்துவிடக் கூடாது. 1899இல் அந்நகரத்தின் தெருக்களையும் சாக்கடைகளையும் கழுவித் துடைத்துச் சுத்தமாக்கினார்கள். ஆயினும் மறு ஆண்டு மஞ்சள் காய்ச்சலில் 310 பேர் மாண்டார்கள். அழுக்குக்கும் அந்த நோய்க்கும் தொடர்பில்லை என்பது அப்படித்தான் தெரிந்தது. 1900இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் தலைமையிலான ஆய்வுக்குழு, உறுப்பினர் ஜெஸ்ஸி லசியரை அதே நோய்க்குப் பறிகொடுத்தும், ஃபின்லேயின் கருத்து சரியே என்று நிறுவியது. நோயாளியின் இரத்தத்திலிருந்து முதல் மூன்று நாட்களில்தான் கொசுவுக்குத் தொற்று ஏறும்; ஏறிய கொசுவும் பன்னிரண்டு நாள் அளவுக்குப் பிறகே அடுத்தவருக்கு நோயைத் தரும். இந்த இரண்டு இடைவெளிகளையும் பிடித்துக்கொண்டு, நோயாளியை உடனே வலைக்குள் வைத்து, வீட்டுக் கொசுக்களைப் புகைபோட்டுக் கொன்று, தண்ணீர்ப் பீப்பாய்களை மூடவைத்ததில், 1901இல் சாவு 18 ஆகக் குறைந்தது. 1902இல் ஒன்றுகூட இல்லை.

இவ்வளவு சான்று கையில் இருந்தும் பனாமாவில் முதல் ஆண்டு வீணாயிற்று. கால்வாய் ஆணையத்தின் தலைவராயிருந்த அட்மிரல் வாக்கர் கொசுக் கொள்கையையே வீண்பேச்சாகக் கருதியதால், கோர்காஸ் கேட்ட ஆட்களும் பொருட்களும் வந்து சேரவில்லை. 1905இல் மஞ்சள் காய்ச்சல் வெடித்து, வெள்ளைக்கார ஊழியர்கள் கிடைத்த கப்பலில் ஏறி ஓடத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த தலைமைப் பொறியாளர் ஜான் ஸ்டீவன்ஸ், கேட்டதையெல்லாம் கொடுத்தார். இந்தத் தாமதத்துக்கான மதிப்பெண்ணை ஆணையத்தின் கணக்கில் குறைக்க வேண்டுமே தவிர, துறையின் கணக்கில் அன்று.

அதன் பின் நடந்த சேவை உண்மையிலேயே அசாத்தியமானது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் பனாமா நகரத்தின் வீடுகளை ஒன்றுவிடாமல் புகைபோட்டார்கள். கதவிடுக்கு, சன்னலிடுக்கு, சுவர்ப் பிளவு எல்லாவற்றிலும் காகிதப் பட்டைகளைப் பசை தடவி ஒட்டி, உள்ளே சட்டிகளில் கந்தகத்தையோ, பைரித்ரம் எனும் பூவிலிருந்து எடுக்கும் பூச்சிக்கொல்லிப் பொடியையோ எரித்து, மணிக்கணக்கில் அடைத்துவைத்துத் திறந்தார்கள். பைரித்ரம் கொசுவைக் கொல்வதைவிட மயங்கச் செய்வதே அதிகம் என்பதால், விழுந்து கிடப்பவற்றைப் பெருக்கி எடுத்து எரிப்பதும் வேலையின் பகுதி. கந்தகப் புகை துணிகளின் சாயத்தை வெளுக்கும், உலோகப் பொருட்களைக் கறுக்கச் செய்யும். வீட்டுக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இனிமையான சேவையன்று. ஆய்வாளர்கள் விட்டுவைத்த இடமும் இல்லை: தேவாலயத்தின் தீர்த்தத் தொட்டியில் கொசுப்புழு நெளிந்ததைக் கண்டு, அந்த நீரையும் நாள்தோறும் மாற்ற ஏற்பாடு செய்தார்கள். ஆனால் என் கணிப்பில் இவை அனைத்தையும்விட நிலையான பயன் தந்தது குழாய்த் தண்ணீர்தான். பீப்பாயில் நீர் பிடித்துவைக்கும் தேவையே போய்விட்டால் அதில் கொசு வளருமா என்று வீடுவீடாகக் கண்காணிக்க வேண்டியதில்லை. பனாமா நகரத்தில் மஞ்சள் காய்ச்சலின் கடைசிச் சாவு 1905 நவம்பர் 11 அன்று நிகழ்ந்தது.

மலேரியா அப்படிக் கைக்குள் அடங்கவில்லை. அதைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் அடையாளம் கண்டுவிட்டார் என்றாலும், வீட்டுப் பீப்பாயை விட்டுக் குட்டையிலும் சதுப்பிலும் குளம்படிப் பள்ளத்திலும் வளரும் அதை, மழைக்காட்டின் நடுவே முற்றிலும் ஒழிப்பது நடவாத காரியம். ஆகவே மனிதர் வாழும் இடத்தைச் சுற்றி மட்டும் எல்லை வகுத்தார்கள். குடியிருப்புகளிலிருந்து 200 கஜம், தனி வீடுகளிலிருந்து 100 கஜம் வரை தேங்கிய நீர் முழுவதும் வடிக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் புல் ஓர் அடிக்கு மேல் வளரவிடப்படவில்லை. வடிக்க முடியாத நீரில் எண்ணெய் ஊற்றினார்கள். எண்ணெய் பரவாத ஓரங்களுக்குக் கார்பாலிக் அமிலம், குங்கிலியம், காஸ்டிக் சோடா மூன்றும் சேர்ந்த கலவையைத் தெளித்தார்கள். 21 மருந்தகங்களில் மலேரியா மருந்தான குயினைன் இலவசமாகக் கிடைத்தது. பகலில் வீட்டுச் சுவரில் அடைந்திருக்கும் கொசுக்களைப் பிடித்துக் கொல்வதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். சாதாரணமாகத் தோன்றும் இந்த வேலைக்கு நான் அதிக மதிப்பு கொடுக்கிறேன், ஏனெனில் இரத்தம் குடித்துவிட்டு ஓய்ந்திருக்கும் கொசுதான் ஆபத்தானது. 1906இல் 26,000 ஊழியர்களில் 21,000க்கும் மேற்பட்டோர் மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 1912இல் ஊழியர் எண்ணிக்கை 50,000க்கு மேல் பெருகியிருந்தும் சேர்ந்தவர்கள் 5,600 பேர் அளவில்தான்.

1907இல் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்ற கோத்தல்ஸ், செலவைச் சுருக்கும் நோக்கில் புல்வெட்டும் வேலையைச் சுகாதாரத் துறையிடமிருந்து பிடுங்கி வேறு பிரிவுக்குக் கொடுத்தார். எங்கே, எப்போது, எவ்வளவு வெட்டுவது என்பது கொசுவை அறிந்தவர் தீர்மானிக்க வேண்டியது என்பதால் கோர்காஸ் வருந்தியதில் நியாயம் இருந்தது.

இனி, பெரிய குறை. ஊழியர்கள் தங்கப் பட்டியல், வெள்ளிப் பட்டியல் என்று பிரிக்கப்பட்டிருந்தார்கள். முதலாவதில் பெரும்பாலும் வெள்ளை அமெரிக்கர், இரண்டாவதில் பெரும்பாலும் பார்படோஸ், ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தவர். கம்பிவலை அடித்த வீடு முதல் பிரிவினருக்கு உறுதி. இரண்டாம் பிரிவினரில் பெருந்தொகையானோர் அரசுக் கொட்டகைகளின் நெரிசலும் கட்டுப்பாடும் பிடிக்காமல் ஊர் வாடகை அறைகளிலும் புதர்க்காட்டுக் குடிசைகளிலும் வாழ்ந்தார்கள்; அங்கே வலையும் இல்லை, 200 கஜ எல்லையும் இல்லை. அவர்களை அதிகம் கொன்றது நிமோனியா என்பதும், கொட்டகை நெரிசலிலிருந்து பிரிந்து வாழத் தொடங்கியபின் அது தணிந்தது என்று கோர்காஸே கருதியதும் கவனிக்கத்தக்கவை: கொட்டகையில் இருந்தால் நிமோனியா, வெளியேறினால் மலேரியா என்பதே அவர்களுக்குக் கிடைத்த தெரிவு. அமெரிக்கக் காலத்தில் நோயாலும் விபத்தாலும் இறந்ததாகப் பதிவான 5,609 பேரில் ஏறத்தாழ 4,500 பேர் மேற்கிந்தியத் தீவினர். மலேரியாச் சேவைக்கு ஐந்தில் நான்கு கொடுக்க நினைத்த நான் இந்த எண்ணைப் பார்த்தே மூன்றாகக் குறைக்கிறேன்.

இதே சேவையை மற்ற நாடுகளும் அப்படியே வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டால், ஒரு நிபந்தனையுடன் ஆம். மஞ்சள் காய்ச்சலை உலகிலிருந்தே துடைத்துவிடலாம் என்று கோர்காஸ் நம்பினார். ஆனால் காட்டுக் குரங்குகளிடமும் மரவுச்சிக் கொசுக்களிடமும் அந்த நோய் தனியே சுழன்றுகொண்டிருப்பது 1930களில் தென் அமெரிக்காவில் தெரியவந்தது. பீப்பாயை மூடுவதும் புகைபோடுவதும் நகரத்துக்குத்தான் காப்பு. காட்டோரத்தில் வாழ்பவருக்கு 1937இல் உருவான 17டி தடுப்பூசிதான் வழி, அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது.